வடக்கு எந்தப் பக்கம்? – சர்வேயர் பதில்கள்

போன இதழில், ஓமான் பாலைவனத்தில் பழைய கல்லறைகளை அளந்த கதையை இரண்டு பக்கம் எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஆசிரியர் ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, "நீங்க ஆரம்பிச்சது, நீங்களே பதில் சொல்லீருங்க" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து, தமிழ் மீடியத்தில் படித்து, ஐடிஐயில் சர்வேயர் படிப்பை முடித்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போனவன். பத்தொன்பது வருஷம் ரோடு அளந்தேன். அதில் ஆறு குளிர்காலம் மட்டும், ரோடு போகிற வழியில் கல்லறைகள் குறுக்கிட்டதால், கம்பெனி என்னை ஓர் அகழாய்வுக் குழுவுக்கு இரவல் கொடுத்தது. நான் தொல்லியல் படித்தவன் இல்லை, அளந்தவன். பதில்களையும் அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலைவனத்தில் மணல் நகர்ந்துகொண்டே இருக்குமே, மரம் மட்டையும் கிடையாது. எதை அடையாளமாக வைத்து ஓர் இடத்தை வரைபடத்தில் குறிப்பீர்கள்?
– கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

பாலைவனம் என்றால் சினிமாவில் வருகிற மணல்மேடுதான் என்று நானும் விமானம் ஏறும்வரை நினைத்திருந்தேன். நாங்கள் வேலை பார்த்த இடத்தில் நல்ல மணலை ஒரு சட்டி அள்ளுவதே கஷ்டம். மலையடிவாரத்தில் தொடங்கிக் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சரளைதான். வெயிலில் மேல்புறம் கறுத்து, திருப்பிப் போட்டால் அடியில் வெளுப்பாக இருக்கும் கற்கள். அந்தக் கறுப்பையும் வெளுப்பையும் பார்த்தே 'இந்தக் கல்லை யாரோ அண்மையில் புரட்டியிருக்கிறார்கள்' என்று குழுவில் இருந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மலைமுகடுகளில் கல்லைக் குவித்த மாதிரி வரிசையாக இருப்பவை ஹஃபீத் காலத்துக் கல்லறைகள். கி.மு. 3100 முதல் 2700 வரை என்று கணக்கு. அதற்கு அடுத்து வந்தது உம் அன்-நார் காலம். அப்போது கட்டியவை வட்டமானவை. வெளிச்சுவரில் செதுக்கிய கல், உள்ளே அறை அறையாகப் பிரித்து, தலைமுறை தலைமுறையாக ஆட்களை ஒரே கல்லறையில் வைத்திருக்கிறார்கள். பாத், அல்-குத்ம், அல்-ஐன் என்ற மூன்று இடங்களையும் 1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அல்-ஐனில் ஒரு மேட்டின் மேல் தேன்கூடு கவிழ்த்த மாதிரிக் கல்லறைகள் வரிசையாக நிற்கும், பின்னால் ஜபல் மிஷ்த் மலை. ஒரு வெள்ளிக்கிழமை வண்டி பிடித்துப் போய்ப் பார்த்தேன். அளக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஒரு கல்லறையைப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சரி, அடையாளத்துக்கு வருவோம். நம்மூரில் எல்லை என்றால் பனைமரம், வரப்பு, கிணற்று மூலை. அங்கே அடையாளத்தை நாமே உண்டாக்க வேண்டும். முதல் மூன்று நாள் யாரும் தோண்டவே இல்லை. பாறையில் துளை போட்டு, எஃகு ஆணி இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் பூசினோம். அப்படி மூன்று ஆணி. ஒன்றின் மேல் நின்றால் மற்ற இரண்டும் தெரிய வேண்டும். ஒன்றின் மேல் லாரி ஏறிவிட்டாலும் மற்ற இரண்டை வைத்து அதே இடத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம். ஒன்றின் மேல் லாரி ஏறத்தான் செய்தது. இரண்டாவது வருஷம்.

முதல் ஆணிக்குக் கிழக்கே 1000, வடக்கே 1000 என்று நாமே எண் கொடுப்போம். சைபர் கொடுத்தால் மேற்கே போகும்போது மைனஸ் வரும். மைனஸ் வந்தால் யாராவது ஒருவர் அதை எழுத மறப்பார். அங்கிருந்து நூல் பிடித்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் மண்ணைத் தோண்டாமல் சுவராக விட்டுவைப்பார்கள். நம் பக்கம் கிணறு வெட்டும்போது பக்கச்சுவரில் செம்மண், அதற்குக் கீழே சுக்கான், அப்புறம் பாறை என்று தெரிகிறதல்லவா, அதே மாதிரி எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்று அந்தச் சுவர் காட்டும். 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியலாளர் கட்டம் போட்டுத் தோண்டியதும் இந்த முறையில்தான்.

காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். காற்று நகர்த்துவதைவிட அரிப்பதுதான் பெரிய தலைவலி. களத்தில் நெல் தூற்றுகிறபோது பதர் பறக்கும், மணி நிற்கும். பாலைவனமும் அப்படித்தான் தூற்றுகிறது. மெல்லிய மண் எல்லாம் பறந்துபோய், கனமான ஓடும் கல்லும் மட்டும் கீழே இறங்கித் தங்கிவிடும். ஆயிரம் வருஷ இடைவெளி உள்ள இரண்டு பானை ஓடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி உறவாடிக்கொண்டு கிடக்கும். மேலே கிடப்பதை மட்டும் பார்த்துக் காலம் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே. அப்புறம் எதற்கு அந்த மூணு கால் ஸ்டாண்டும் டெலஸ்கோப்பும்?
– ஆட்டோ ஓட்டுநர், வேலந்தாவளம்

வேலந்தாவளத்தில் நின்றால் தமிழ்நாட்டில் இருக்கிறோமா கேரளத்தில் இருக்கிறோமா என்று உங்கள் போனுக்கே தெரியாது. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மெசேஜ், அந்தப் பக்கம் ஒரு மெசேஜ்.

திறந்த வெளியில்கூட சாதாரணப் போன் நான்கைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். சவாரி ஏற்ற அது போதும். எங்கள் குழியே ஐந்து மீட்டர்தானே. இந்தக் குழியில் கிடைத்த எலும்பு பக்கத்துக் குழியின் கணக்கில் ஏறிவிடும். உயரத்தில் இன்னும் மோசமாகத் தப்பும், எங்களுக்கோ உயரம்தான் உயிர்.

இப்போது ஆர்டிகே என்று ஒரு ஜிபிஎஸ் வந்திருக்கிறது. ஒரு கருவியை ஆணியின் மேல் நிறுத்திவிட்டு, இன்னொன்றைக் கம்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடும். ட்ரோனும் பறக்கவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி ஒட்டவைத்து மேடு பள்ளத்தோடு வரைபடமாகத் தந்துவிடும். ஆனால் தரையில் அங்கங்கே குறி போட்டு, அந்தக் குறிகளை ஒருவன் ஒழுங்காக அளந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் அழகாக இருக்கும், இடம் தப்பாக இருக்கும்.

புதையல் கிடைத்ததா தாத்தா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், மீனாட்சிபுரம்

இல்லை கண்ணு. ஆறு வருஷத்தில் என் கையில் வந்ததில் பளபளப்பாக இருந்தது ஒரே ஒரு சிவப்பு மணி. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கார்னிலியன் கல், மேலே வெள்ளைக் கோடு போட்டது. அந்த மாதிரி மணி சிந்துவெளிக்காரர்களின் கைவேலை என்றார்கள். கடல் தாண்டி வந்திருக்கிறது. நான் அதைப் பார்த்ததே சல்லடையில். அதனால் குழி எண்ணும் அடுக்கு எண்ணும் மட்டும்தான் எழுத முடிந்தது, சரியான இடம் எழுத முடியவில்லை. மண்ணைக் கொஞ்சம் மெதுவாகச் சுரண்டியிருந்தால் எந்த எலும்புக்குப் பக்கத்தில் கிடந்தது, கழுத்தில் போட்டதா கையில் கட்டியதா என்று தெரிந்திருக்கும்.

நீங்கள் செய்த பெரிய தப்பு என்ன? மறைக்காமல் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சித்தூர் (பாலக்காடு)

டீச்சரம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

டோட்டல் ஸ்டேஷன் என்பது மூன்று கால் ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டி. எதிரே ஒரு பையன், நுனியில் கண்ணாடிப் பட்டகம் மாட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பெட்டியிலிருந்து ஒளி போய், பட்டகத்தில் பட்டுத் திரும்பும். தூரமும் கோணமும் தெரிந்துவிடும். ஆனால் அது அளப்பது பட்டகத்தை, தரையை அல்ல. கம்பு எவ்வளவு உயரம் என்று நாம் பெட்டிக்குச் சொன்னால்தான் அது கழித்துக்கொள்ளும்.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு 1.30 மீட்டர் என்று அடித்துவிட்டு ஆரம்பித்தேன். கம்பு பிடித்தவன் சில்ஹெட் பக்கத்துப் பையன், கெட்டிக்காரன். ஒன்பது மணிவாக்கில் கல்லறையின் உள்சுவர் அளக்கப் போனோம். நடுவில் கல்குவியல் மறைத்தது. பட்டகம் எனக்குத் தெரிய வேண்டுமே என்று அவன் கம்பை 1.80-க்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தியிருக்கிறான். காற்று எதிர்க்காற்று. நான் கையை ஆட்டினேன். 'சரி' என்று நான் சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டான். நான் ஆட்டியது ஈ விரட்ட.

பதினோரு மணிவரை எண்பது தொண்ணூறு புள்ளி. மத்தியானம் கூடாரத்தில் படம் வரைகிற பெண் புள்ளிகளைக் கோத்துக்கொண்டே வந்தவர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சுவரின் அடிக்கல், சுவரின் தலைக்கு மேலே இருக்கிறது. கல்லறை அந்தரத்தில் மிதக்கிறது. சரியாக அரை மீட்டர்.

எங்கிருந்து தப்பு ஆரம்பித்தது? 'டீக்கு அப்புறம்' என்றான் பையன். 'டீக்கு முன்னால்' என்றேன் நான். இரண்டு பேருக்கும் ஞாபகம் நிச்சயம். நல்லவேளையாகச் சில புள்ளிகளில் ஆணி அடித்து எண் எழுதிய அட்டை கட்டியிருந்தோம். அவற்றைத் திரும்ப அளந்தோம். 61 வரை சரி, 64-இல் அரை மீட்டர் தூக்கல். நடுவில் இருந்த இரண்டையும் அளந்தபோது தப்பு 62-இல் ஆரம்பித்திருந்தது. டீ வந்தது 70-க்கு மேல். ஆக, இந்த விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சரி.

குழுத் தலைவர் திட்டவில்லை. நான் பழைய எண்களை ரப்பர் வைத்து அழிக்கப் போனபோதுதான் கையைப் பிடித்தார். அழிக்காதே, மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, ஏன் தப்பியது என்றும் எழுது என்றார். 'ஈ விரட்டியதால்' என்று எழுத மனசு வரவில்லை. 'தகவல் கோளாறு' என்று எழுதினேன்.

வெயிலில் எப்படி வேலை செய்தீர்கள்? சாப்பாடு?
– இல்லத்தரசி, தத்தமங்கலம்

சாப்பாட்டில் குறை இல்லை. குப்பூஸ், பருப்பு, முட்டை, வாரம் இரண்டு நாள் மீன். சமையல்காரர் மலப்புறத்துக்காரர். சாம்பார் கேட்டால் மட்டும் முறைப்பார்.

வெயில்காலத்தில் யாரும் தோண்டுவதில்லை. நவம்பரில் ஆரம்பித்து மார்ச்சுக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். அப்போதும் மத்தியானம் கருவி வேலை வேண்டாம் என்பார்கள். நம் உடம்பு தாங்காது என்பதற்காக மட்டும் இல்லை, காற்றும் தாங்காது. சூடான தரையிலிருந்து எழும் காற்றில், தூரத்தில் பிடித்திருக்கும் ஸ்டாஃபில், அதாவது அளவு எழுதிய நீளக் கம்பில், எண்கள் நெளியும். 4 எது 7 எது என்று தெரியாது. தோசைக்கல்லுக்கு மேலே காற்று ஆடும் பாருங்கள், அதன் வழியாகக் காலண்டரைப் படிக்கிற மாதிரி. அதனால் லெவல் எடுக்கும்போது, அதாவது உயர வித்தியாசம் பார்க்கும்போது, பார்வைக்கோடு தரையை ஒட்டிப் போகக் கூடாது. ஸ்டாஃபின் கீழ் அரை மீட்டரைப் படிக்கவே கூடாது என்பது எங்கள் வழக்கம்.

இரும்பு டேப்பும் நீளும். காலையில் அளந்த அதே முப்பது மீட்டரை, டேப் இருபது டிகிரி சூடேறிய பிறகு அளந்தால் கிட்டத்தட்ட ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். வீட்டுமனைக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் தினமும் அதே திசையில் தப்பினால் சேர்ந்துகொண்டே போகும், கந்துவட்டி மாதிரி.

காலை ஆறரை மணி வெளிச்சத்தை மட்டும் சொல்லாமல் விட மாட்டேன். சூரியன் படுத்த வாக்கில் வரும்போது, பத்து மணிக்கு வெறும் சரளையாகத் தெரிகிற தரையில் சுவர்கள் முளைக்கும். இரண்டு விரல் உயரக் கல்லுக்கு ஒரு முழம் நிழல். நிழலைச் சேர்த்துப் பார்த்தால் வட்டம், சதுரம், வாசல். 1920-களில் சிரியப் பாலைவனத்தின் மேல் விமானத்தில் பறந்து படம் எடுத்த அந்துவான் புவாதபார் என்ற பாதிரியார் இந்த நிழல் வித்தையை வைத்துத்தான் ரோமானியக் கோட்டைகளையும் பாதைகளையும் வரைபடமாக்கினார். அதே காலத்தில் ஜோர்டான் பக்கம் தபால் விமானம் ஓட்டிய ஆங்கிலேய விமானிகள் பட்டம் மாதிரி விரியும் நீளமான கற்சுவர்களை மேலிருந்து பார்த்தார்கள். அவை மான்களை விரட்டி அடைக்கும் பொறிகள். தரையில் நடந்து போகிறவனுக்கு அது ஏதோ ஒரு குட்டிச்சுவர்.

பாலைவனத்தில் காணாமல் போன நகரத்தைச் சாட்டிலைட் கண்டுபிடித்ததாகப் படித்தேன். நிஜமா?
– வாசகர், பொள்ளாச்சி

பாதி நிஜம். அது ஓமானின் தெற்கே ஷிசுர் என்ற இடம். உபார் என்று கதைகளில் வரும் ஊரைத் தேடியவர்கள், 1984-இல் சேலஞ்சர் விண்ணோடம் எடுத்த ரேடார் படங்களையும் மற்றச் செயற்கைக்கோள் படங்களையும் வாங்கிப் பார்த்தார்கள். படத்தில் நகரம் தெரியவில்லை. தெரிந்தது தடம். நூற்றாண்டுக் கணக்கில் ஒட்டகம் நடந்து இறுகிப்போன பாதைகள், மணல்மேட்டுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தன. பாதைகள் கூடும் இடத்தில் போய்ப் பார்த்தால் ஷிசுர் கிணறு. 1990-களின் தொடக்கத்தில் அங்கே தோண்டியபோது ஒரு கோட்டை வந்தது. அதில் ஒரு பகுதி, கீழே சுண்ணாம்புப் பாறை உள்வாங்கியதால் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

அதுதான் உபாரா என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. உபார் என்பது ஊர் இல்லை, ஒரு வட்டாரத்தின் பெயர் என்று அங்கே தோண்டிய ஜூரிஸ் சாரின்ஸே பிறகு சொன்னார். எனக்கு அந்த ஒட்டகத் தடம்தான் பிடித்தது. நம் தோட்டத்தில்கூட நாலு வருஷம் உழாமல் போட்டாலும் மாடு போன வழியில் புல் குறைவாகத்தான் முளைக்கிறது.

பாலைவனத்தில் விவசாயம் நடந்ததற்கு அடையாளம் உண்டா?
– நிலக்கடலை விவசாயி, எருத்தேம்பதி

உண்டு. நீங்கள் பார்த்தால் அசந்துபோவீர்கள். ராஜஸ்தானில் காலிபங்கன், காகர் ஆற்றின் வறண்ட படுகைக்குப் பக்கத்தில். 1960-களில் பி.பி.லாலும் பி.கே.தாப்பரும் அங்கே தோண்டினார்கள். ஊர்ச்சுவருக்கு வெளியே, மண்ணுக்கு அடியில், ஓர் உழுத வயல் வந்தது. அங்கே ஹரப்பா நாகரிகத்து நகரம் எழுவதற்கும் முந்தைய காலத்து வயல். பானை இல்லை, எலும்பு இல்லை, வெறும் சால்கள். ஒரு திசையில் முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு சால், அதற்குக் குறுக்கே ஏறத்தாழ 1.90 மீட்டருக்கு ஒரு சால்.

எதற்கு இரண்டு அளவு? அந்த ஊர்க்காரர்கள் அப்போதும் அதே மாதிரிதான் உழுதுகொண்டிருந்தார்கள். நெருக்கமான சாலில் கடலைப்பயறு, அகலமான சாலில் கடுகு. அகலச் சால் விட்டதால் கடுகின் நிழல் பயறை அழுத்தாது. நீங்கள் நிலக்கடலைக்கு நடுவே துவரை போடுகிற கணக்குதான்.

ஒரு சாலை எடுத்துக் கண்காட்சியில் வைக்க முடியாது. அளந்து, படம் வரைந்து, போட்டோ எடுத்தால்தான் அது இருந்ததாகவே ஆகும். எங்கள் வேலைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

தமிழ்நாட்டில் பாலைவனம் இருக்கிறதா?
– மாணவர், செங்கோட்டை

முழுப் பாலைவனம் இல்லை. உங்கள் ஜில்லாவுக்குக் கிழக்கே திருச்செந்தூர் பக்கம் தேரி இருக்கிறது, போய்ப் பாருங்கள். செக்கச்செவேல் என்று மணல்மேடு, நடுவில் பனை. அந்தத் தேரிகளில் கையகலம்கூட இல்லாத கற்கருவிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. காலில் செருப்பு முக்கியம்.

நீங்கள் என்னவோ அரபு நாட்டைப் பற்றியே எழுதுகிறீர்கள். நம்மூருக்கும் பாலைவனத்துக்கும் என்ன சம்பந்தம்?
– மிளகு வியாபாரி, நெம்மாறை

உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வரலாமா!

எகிப்தில் செங்கடல் கரையில் பெரெனிகே என்று ஒரு பாழடைந்த துறைமுகம். பின்னால் முழுக்கப் பாலைவனம். 1990-களில் தோண்டிக்கொண்டிருந்தவர்கள், அங்கே ஒரு கோயில் முற்றத்தில் தரையில் புதைத்த பெரிய தாழியைக் கண்டார்கள். தாழி நம் நாட்டில் செய்தது. உள்ளே கறுப்பு மிளகு, ஏழரைக் கிலோ. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷ மிளகு. எந்த மலையில் காய்த்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கப்பலில் போன சரக்கு பெரெனிகேயில் இறங்கி, ஒட்டகத்தில் ஏறி, நைல் கரையில் உள்ள கோப்தோஸ் போக வேண்டும். பன்னிரண்டு நாள் பயணம், வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரியில் நடப்பார்கள் என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்திருக்கிறார். முசிறியிலிருந்து வந்த ஒரு கப்பலின் சரக்கைப் பற்றிய ஒப்பந்தம் பாப்பிரஸ் தாளில் எழுதியது வியன்னாவில் இருக்கிறது. அதிலும் இந்த ஒட்டகப் பயணம் வருகிறது.

பெரெனிகேயில் தமிழ் பிராமி எழுதிய பானை ஓடு கிடைத்தது. அதற்கு வடக்கே குசைர் அல்-காதிமில் கிடைத்த ஓட்டில் இருந்ததைப் 'பானை ஒறி' என்று படித்திருக்கிறார்கள். ஒறி என்றால் உறி. எங்கள் அம்மா பூனைக்குப் பயந்து தயிர்ச்சட்டியைத் தொங்கவிடுவாரே, அதே உறி. ஓமானிலும் உண்டு. தெற்கே சும்ஹுரம் என்ற சாம்பிராணித் துறைமுகத்தில் கிடைத்த ஓட்டில் 'ணந்தை கீரன்' என்று ஓர் ஆள் பெயர். நான் வடக்கே சரளையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது அதே நாட்டில் ஒரு கீரன் இரண்டாயிரம் வருஷமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்தப் பக்கமும் பாருங்கள். நம் பாலக்காட்டுக் கணவாய் மட்டும் இல்லாவிட்டால் கொங்குநாட்டுச் சரக்கு கடற்கரைக்கு இவ்வளவு சுலபமாக இறங்கியிருக்காது. கணவாய்க்குக் கிழக்கே கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசு நூற்றுக்கணக்கில் கிடைத்தது, மேற்கே திருச்சூர் பக்கம் ஈயாலிலும் காசுக் குவியல். பறவூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் தோண்டியதில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல். வாளையாறு செக்போஸ்ட்டில் லாரி நிற்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அன்றைக்கும் யாரோ ஒருவர் சுங்கம் கேட்டுத்தான் நிறுத்தியிருப்பார்.

தென்னைக்குக் குழி எடுக்கும்போது பெரிய பானையின் வாய் மாதிரித் தெரிந்தது. ஜேசிபியை நிறுத்திவிட்டோம். உள்ளே தங்கம் இருக்கும், உடைத்துப் பார் என்கிறார்கள். என்ன செய்யட்டும்? தோட்டத்தின் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.
– தோட்டக்காரர், வண்ணாமடை

ஜேசிபியை நிறுத்தியதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

தங்கம் இருக்காது. முதுமக்கள் தாழி என்றால் எலும்பு, சின்னச்சின்னக் கிண்ணங்கள், துருப்பிடித்த இரும்பு, இவ்வளவுதான் பெரும்பாலும் இருக்கும். உடைத்தால் இதுவும் இல்லாமல் போகும். வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். ஈரமண்ணில் கிடந்த பானை வெயில் பட்டால் பிளந்துவிடும். அதனால் நிழலுக்கு ஒரு சாக்கைக் கட்டி, வாயைச் சுற்றிப் பொடிமண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். கேரளத்துக்கு 1968-லேயே தனியாக ஒரு புதையல் சட்டம் உண்டு. வில்லேஜ் ஆபீஸில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

அவர்கள் வருவதற்குள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று. மேலிருந்து நேராக ஒரு போட்டோ, பக்கத்தில் அளவுக்கு ஒரு பத்து ரூபாய் நாணயம். அப்புறம் இரண்டு டேப். ஒன்றைக் கிணற்றின் மூலையில் பிடியுங்கள், இன்னொன்றை சர்வே கல்லில் பிடியுங்கள். இரண்டும் பானையின் நடுவில் சந்திக்கட்டும். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். மூன்றாவதாக மோட்டார் ரூம் மூலையிலிருந்தும் ஒன்று எடுங்கள், முதல் இரண்டில் தப்பு இருந்தால் இது காட்டிக் கொடுக்கும். ஆழத்துக்குக் கொத்தனாரிடம் தண்ணீர் டியூப் வாங்கி, கிணற்றுத் திட்டின் மட்டத்திலிருந்து பானை வாய் எவ்வளவு கீழே என்று பாருங்கள். கால் மணி நேர வேலை. நாளைக்கு மழை வந்து குழி தூர்ந்தாலும் இடம் போகாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் அழகான குடக்கல் ஒன்று, அந்தக் காலத்தில் புதைத்த இடத்தின் மேல் குடை மாதிரி வைத்த கல், துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. திருச்சூர் பக்கம் சேரமனங்காட்டில் குடக்கல்லுப் பறம்பில் தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறதே, அதே வகை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அப்பா காலத்துல மாட்டுவண்டியில வந்துச்சுங்க" என்கிறார் வீட்டுக்காரர். எந்த ஊர், எந்த மேடு, அடியில் என்ன இருந்தது, ஒன்றும் இல்லை. அப்பாவும் இல்லை, வண்டியும் இல்லை.

உங்கள் படம் நன்றாக இருக்கிறது. கிணறு, மோட்டார் ரூம், மாட்டுத்தொழுவம், பன்னிரண்டு தென்னை, வாசலில் நாய்கூட வரைந்திருக்கிறீர்கள். வடக்கு எந்தப் பக்கம் என்றுதான் போடவில்லை. காலையில் எழுந்து சூரியனைப் பார்த்து நில்லுங்கள், இடதுகைப் பக்கம் ஓர் அம்பு போடுங்கள். அளவு மூன்றையும் அதிலேயே எழுதி அனுப்புங்கள். பேனாவில் எழுதுங்கள், தப்பினால் அழிக்காமல் கோடு போடுங்கள்.